இடையில் நிற்கும் சொல்



சில காலத்துக்கு முன் ஒரு மாலைவேளையில், எங்கள் அயலில் வாழும் மாணவி ஒருத்தி அப்பியாசக் கொப்பி ஒன்றுடன் என் வீட்டுக்கு வந்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிற் சேர்ந்து கற்க வேண்டும் என்பது அவளது ஆவல். அதன்பொருட்டு எஸ். ஏ. ரி. எனப்படும் பரீட்சைக்கு அவள் ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தாள். கொப்பியை விரித்து என்முன் வைத்தாள். அதில் வாக்கியங்களை இணைக்கும் ஆங்கிலச் சொற்கள் அறுபதுக்கு மேல் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ்ப் பொருளும் இருந்தது. 'ஹவெவர்' என்பதற்கு 'ஆனால்'. 'நெவர்தலெஸ்' என்பதற்கு 'ஆனாலும்'. 'தெயார்போர்' என்பதற்கு 'ஆகையால்'.

"ஐயா, இவ்வளவும் எனக்கு மனப்பாடம். பயிற்சி வினாக்களில் உள்ள வாக்கியங்களும் விளங்குகின்றன. ஆனால், கோடிட்ட இடத்துக்கு உரிய சொல்லைத் தெரியும்போது மட்டும் பத்துக்கு நாலு பிழைத்துவிடுகின்றது. ஏன்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் கூறிய விடையையே இன்று சற்று விரித்துத் தங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளுக்கு அது நேரே பயன்படும். மற்றையோருக்கும் பயன்படக்கூடியதுதானா என்பதைப் பேச்சின் முடிவில் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதலில் அந்தப் பரீட்சையைப் பற்றிச் சில சொற்கள். எஸ். ஏ. ரி. பரீட்சை ஐக்கிய அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டில் முதன்முறையாக நடத்தப்பட்டது. இடையிடையே பல மாற்றங்களை அடைந்த அது, 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு வெளியேயும், 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கணினி மூலம் எழுதும் பரீட்சையாயிற்று. அதில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து ஒரு பிரிவு. கணிதம் மற்றொரு பிரிவு. வாசிப்பும் எழுத்தும் அடங்கிய பிரிவில் 54 வினாக்கள். அவற்றுக்கு உரிய நேரம் 64 நிமிடம். அப்பிரிவு இரு கூறுகளாக, ஒவ்வொன்றும் 27 வினாக்களும் 32 நிமிடங்களும் கொண்டதாக அமைந்துள்ளது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு வினாவுக்கு 71 விநாடியளவே கிடைக்கின்றது.

ஒவ்வொரு வினாவிலும் 25 முதல் 150 ஆங்கிலச் சொற்கள் வரை கொண்ட ஒரு சிறு பந்தி தரப்படும். நான் இன்று பேசும் வினாவகையிலே, அப்பந்தியின் ஒரு வாக்கியத்தில் இணைப்புச் சொல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். நான்கு சொற்கள் கீழே தரப்பட்டிருக்கும். அவற்றுள் தர்க்கத்துக்கு மிகப் பொருந்துவது எது என்பதே கேள்வி. இவ்வினாக்கள் ஒவ்வொரு கூறின் பிற்பகுதியிலே வருகின்றன. நேரம் குறைந்து, மனம் பரபரக்கும் வேளையிலே மாணவர் இவற்றைச் சந்திக்கின்றனர். நான்கு சொற்களும் பழகிய சொற்கள். நான்கையும் வாக்கியத்தில் வைத்து வாசித்தால் நான்கும் இலக்கணத்துக்கு இசைகின்றன. காதுக்கு இனியதைத் தெரிந்துவிட்டு அடுத்த வினாவுக்கு ஓடிவிடுகின்றனர். பிழை நேர்வது அங்கேதான்.

நேயர்களே, இவ்விடத்தில் நம் பழைய இலக்கண ஆசிரியர்களை நினைத்துக்கொள்வது தகும். தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் இடைச்சொல்லுக்கெனத் தனி இயலே வகுக்கப்பட்டுள்ளது. பெயரும் வினையும் போல இடைச்சொல் தனித்து நின்று பொருள் தருவதில்லை. அவற்றைச் சார்ந்து நின்றே அது தொழிற்படுகின்றது என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆங்கில இணைப்புச் சொல்லின் இயல்பும் இதுவே. 'மரம்' என்றால் மனத்தில் ஒரு மரம் தோன்றும். 'எனினும்' என்றால் என்ன தோன்றும்? இரு செய்திகள் வந்து இரு பக்கமும் நின்றாலொழிய அச்சொல்லுக்கு வேலை இல்லை. அது புதிய செய்தி எதையும் தருவதன்று. முன்னரே உள்ள இரு செய்திகளுக்கிடையே இன்ன உறவு உண்டு என்று அறிவிப்பது.

ஆகவே அந்த மாணவியிடம் நான் முதலிற் கூறியது இதுதான்: "பிள்ளாய், விடைகள் நான்கையும் முதலிற் பாராதே. முன்னுள்ள வாக்கியத்தையும் பின்னுள்ள வாக்கியத்தையும் மாத்திரம் வாசி. அவற்றின் உறவு என்ன என்று உன் சொந்தச் சொல்லிற் கூறு. அதன் பின்னரே விடைகளைப் பார்." நாம் உறவைக் காணுமுன் சொல்லைக் கண்டுவிட்டால், சொல் நம்மைத் தன் பக்கம் இழுத்துவிடும். 'ஆகையால்' என்ற சொல்லைப் பார்த்தவுடனே, இல்லாத காரணம் ஒன்று இருப்பதுபோலத் தோன்றத் தொடங்கும்.

ஆனால் உறவைக் காண்பது எப்படி? இதற்குத் தமிழ் பேசுவோரிடம் ஒரு நல்ல கருவி உண்டு. ஆங்கிலம் பெரும்பாலும் தனிச் சொல்லால் காட்டும் உறவை, நாம் வினைச்சொல்லின் ஈற்றிலே காட்டிவிடுகின்றோம். 'மழை பெய்ததால் அவர் போகவில்லை' என்கிறோம்; அது காரணம். 'மழை பெய்தும் அவர் போனார்' என்கிறோம். அது எதிர்பார்த்ததற்கு மாறானது. 'மழை பெய்தபின் அவர் போனார்' என்கிறோம். அது வெறுங் கால வரிசை. இரண்டு ஆங்கில வாக்கியங்களையும் தமிழில் ஒரே வாக்கியமாக இணைத்துப் பார்த்தால், எந்த ஈறு பொருந்துகின்றது என்பது நமக்கு உடனே புலப்படும். ஈறு புலப்பட்டால் உறவு புலப்பட்டது.

இனிச் சில எடுத்துக்காட்டுகளை நோக்குவோம். இவை நானே அமைத்துக்கொண்டவை. பரீட்சையில் இவை ஆங்கிலத்தில் வரும் என்பதை மனத்திற் கொள்க. வெறுமையான இடத்தில் நான் சற்று நிறுத்துவேன். தாங்கள் அவ்விடத்தை நிரப்பிப் பார்க்கலாம்.

முதலாவது: 'பட்டாணிச் செடிகளை ஆராய்ந்த கிரெகோர் மெண்டல், இன்று பரம்பரையியலின் அடிப்படையாக மதிக்கப்படும் தம் முடிவுகளை 1866ஆம் ஆண்டில் வெளியிட்டார்.' நிறுத்தம். '1900ஆம் ஆண்டு வரை அறிவியலாளர் பெரும்பாலோர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.'

இணைத்துப் பார்ப்போம். 'வெளியிட்டதால் பொருட்படுத்தவில்லை' என்பது நகைப்புக்கிடமானது. 'வெளியிட்டும் பொருட்படுத்தவில்லை' என்பது பொருந்துகின்றது. அத்துணைப் பெரிய உண்மை உடனே கவனத்தைக் கவர்ந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு முதல் வாக்கியத்தில் எழுகின்றது. இரண்டாவது வாக்கியம் அதனை முறிக்கின்றது. எனவே வர வேண்டியது 'எனினும்' என்ற சொல். ஆங்கிலத்தில் 'ஹவெவர்' அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் நாட்டு வரலாற்றிலிருந்து. '1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் ஒன்று காணப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது எங்கும் பரவிக் கோப்பித் தோட்டங்களை அழித்தது.' நிறுத்தம். 'தோட்டச் சொந்தக்காரர் பலர் தேயிலையைப் பயிரிடலாயினர்.' 'அழித்ததால் பயிரிடலாயினர்' என்று இணைப்பது இயல்பாகவே அமைகின்றது. ஆகவே இங்கே 'ஆகவே' என்ற சொல்லே தகும்.

இப்போது அதே வரலாற்றின் இன்னொரு பகுதியைக் கேளுங்கள். '1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் வர்த்தக நோக்குடன் தேயிலை பயிரிடத் தொடங்கினார்.' நிறுத்தம். '1869ஆம் ஆண்டில் கோப்பியின் இலைநோய் காணப்பட்டது.' இங்கும் தேயிலை, இங்கும் கோப்பி நோய். சற்றுமுன் 'ஆகவே' என்றோமே, இங்கும் அதையே வைக்கலாமா? 'தேயிலை பயிரிட்டதால் கோப்பிக்கு நோய் வந்தது' என்றாகிவிடும், அது உண்மையன்று. 'எனினும்' என்று வைக்கலாமா? 'தேயிலை பயிரிட்டும் நோய் வந்தது' என்றாகும்; தேயிலை நோயைத் தடுக்கும் மருந்து என்று யாரும் எண்ணியதில்லை. 'பயிரிட்டு இரண்டு ஆண்டுகளின் பின் நோய் காணப்பட்டது' என்பதே சரி. கால வரிசையைக் காட்டும் 'பின்னர்' என்ற சொல்லுக்கு மேல் எதற்கும் இங்கே உரிமை இல்லை.

நேயர்களே, ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்பதும், ஒன்றால் ஒன்று நிகழ்ந்தது என்பதும் வேறு வேறு. பரீட்சையிலே மாணவர் பலர் தடுமாறுவது இவ்விடத்தில். பரீட்சைக்கு வெளியே பெரியோர் பலர் தடுமாறுவதும் இவ்விடத்திலேதான்.

மூன்றாவது எடுத்துக்காட்டு கடலிலிருந்து. 'கணவாய்க்கு இதயங்கள் மூன்று.' நிறுத்தம். 'இரண்டு இதயங்கள் செவுள்களுக்குக் குருதியைச் செலுத்துகின்றன. மூன்றாவது இதயம் உடலின் ஏனைய பகுதிகளுக்குச் செலுத்துகின்றது.' இதற்குத் தரப்பட்ட விடைகளில் 'எடுத்துக்காட்டாக' என்பதும், 'விரித்துக் கூறின்' என்பதும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் முன்னதை விளக்குவன போலவே தோன்றும். அந்த மாணவியும் 'எடுத்துக்காட்டாக' என்பதையே தெரிந்தாள். ஆனால் எடுத்துக்காட்டு என்பது பலவற்றுள் ஒன்றையோ சிலவற்றையோ எடுத்துக் காட்டுவது. இங்கே மூன்று இதயங்களையும் ஒன்றும் விடாது கூறிவிட்டோம்; எஞ்சியது எதுவும் இல்லை. ஆகவே இது எடுத்துக்காட்டு அன்று, விரிவு. ஆங்கிலத்திலே 'போர் எக்சாம்பிள்' என்பதற்கும் 'ஸ்பெசிபிக்கலி' என்பதற்கும் உள்ள வேறுபாடும் பெரும்பாலும் இத்தகையதே. முன் வாக்கியம் ஒரு கூட்டத்தைச் சொல்லிப் பின் வாக்கியம் அதில் ஓர் உறுப்பைச் சொன்னால் முன்னது. முன் வாக்கியம் பொதுவாகச் சொன்னதையே பின் வாக்கியம் நுட்பமாகச் சொன்னால் பின்னது.

நான்காவதும் கடலிலிருந்தே. 'திமிங்கிலம் மீனைப்போலச் செவுள்களால் சுவாசிப்பதில்லை.' நிறுத்தம். 'அது நீரின் மேற்பரப்புக்கு வந்து நுரையீரலால் காற்றை உள்ளிழுக்கின்றது.' முதல் வாக்கியத்தில் 'இல்லை' என்பதைக் கண்டதும், எதிர்மறை வந்துவிட்டது, 'எனினும்' என்று போடுவோம் என எண்ணுவோர் உண்டு. இணைத்துப் பாருங்கள். 'செவுள்களால் சுவாசிக்காமல், மேலே வந்து காற்றை உள்ளிழுக்கின்றது.' இங்கே பொருந்திய ஈறு 'உம்' அன்று, 'ஆமல்'. ஒன்றை விலக்கி, அதன் இடத்தில் மற்றொன்றை வைக்கின்றோம். இதற்கு உரிய சொல் 'அதற்குப் பதிலாக' என்பது, ஆங்கிலத்தில் 'இன்ஸ்டெட்'. 'எனினும்' என்னும்போது இரண்டு செய்திகளும் உண்மையாய் நின்று, ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும். 'பதிலாக' என்னும்போது முன்னது நீங்க, பின்னது வந்து அமரும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பல மயக்கங்களிலிருந்து தப்பிவிடுவர்.

இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. சிலவேளை, வெறுமையான இடத்தைக் கொண்ட வாக்கியம் தனக்கு நேர்முன் உள்ள வாக்கியத்தோடு மட்டும் உறவுடையதாய் இராது; பந்தி முழுவதையும் திரட்டி முடிவு கூறுவதாய் இருக்கும். ஆதலால் கடைசி இரு வாக்கியங்களை மட்டும் வாசிப்பது சிக்கனமன்று, ஆபத்து. அடுத்து, நான்கு விடைகளுள் இரண்டு ஒரே வேலையைச் செய்வனவாய் இருந்தால், அவற்றுள் ஒன்று மட்டும் சரியாதல் அரிது. 'ஆகையால்' என்பதும் 'அதன் விளைவாக' என்பதும் பக்கம் பக்கமாய் நின்றால், ஒன்றைக் கொண்டு மற்றதை ஐயுறலாம். ஆயினும் இதனை ஒரு துணையாகக் கொள்ள வேண்டுமேயன்றி, வாசிப்புக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. இறுதியாக, பிழையான விடைக்கு இப்பரீட்சையில் புள்ளி குறைக்கப்படுவதில்லை. எனவே எந்த வினாவையும் விடையின்றி விட்டுவருதல் வீண் இழப்பு.

பரீட்சையைப் பற்றிக் கூற வேண்டியதைக் கூறிவிட்டேன். இனி, பரீட்சை எழுதாத நேயர்களுக்கு இதனால் ஆவதென்ன என்பதற்கு வருகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாராட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெறும் ஓர் ஆசிரியருக்காக அவ்விழா எடுக்கப்பட்டது. மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர் அவர். பேச எழுந்த அன்பர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், இவ்வாறு கூறினார்: "இவர் தோட்டத்திலே பிறந்தவர், ஆயினும் சிறந்த கல்விமான்." சபையோர் கைதட்டினர். ஏற்புரை நிகழ்த்த எழுந்த ஆசிரியர் புன்முறுவலுடன், "நண்பர் என்னைப் பற்றிக் கூறிய முதற் செய்தி மெய். இரண்டாவது செய்தி அவரது அன்பு. இடையிலே நின்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை" என்றார்.

சபை ஒரு கணம் அமைதியாயிற்று. பேசிய அன்பர் தலை குனிந்தார். அவர் எந்த இழிசொல்லையும் சொல்லவில்லை. ஆனால் 'ஆயினும்' என்ற சொல், அவர் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டது. தோட்டத்திலே பிறந்தவரிடம் கல்வியை எதிர்பார்க்க முடியாது என்பதே அது. மெண்டலைப் பற்றிய வாக்கியத்தில் நாம் கண்டதும் அதுவன்றோ? 'எனினும்' வரவேண்டுமாயின், முன்னே ஓர் எதிர்பார்ப்பு இருத்தல் வேண்டும். அந்த எதிர்பார்ப்பு வாக்கியத்தில் இல்லையென்றால், அது பேசுபவரின் மனத்திலிருந்து வந்தது.

நேயர்களே, அதே பேச்சாளர் வேறு விதமாகக் கூறியிருக்கலாம். 'இவர் பிறந்து வளர்ந்த காலத்தில் அத்தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் மேல்வகுப்புப் பள்ளி இருக்கவில்லை. ஆயினும் இவர் கற்றுத் தேர்ந்தார்' என்று கூறியிருந்தால், அதே 'ஆயினும்' எத்துணை நேர்மையான சொல்லாகியிருக்கும்! அப்போது அது மனிதரின் பிறப்பை எதிர்த்து நிற்கவில்லை. அவர் வழியில் இருந்த தடையை எதிர்த்து நிற்கின்றது. சொல் மாறவில்லை. அது எவற்றை இணைக்கின்றது என்பதே மாறியது.

'ஆகையால்' என்ற சொல்லும் இத்தகையதே. 'இன்ன குடும்பம் அயலிலே குடிவந்தது. ஆகையால் களவு கூடிவிட்டது' என்று ஒருவர் சொல்லும்போது, இரு செய்திகளும் உண்மையாகவே இருக்கலாம். அவற்றை இணைத்த சொல்லுக்குச் சான்று எங்கே என்று கேட்பவர் எத்தனை பேர்? பொய்யான செய்தியை நாம் விரைவிற் கண்டுபிடித்துவிடுகின்றோம். பொய்யான இணைப்பைக் கண்டுபிடிக்க நின்று கேட்க வேண்டும்.

இவ்வளவும் கேட்ட அந்த மாணவி, தன் கொப்பியை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தாள். பின்னர், "அப்படியானால் ஐயா, இந்த அறுபது சொற்களும் வேண்டாமா?" என்றாள். வேண்டும் என்றேன். தச்சனுக்கு ஆணிகள் வேண்டும். ஆனால் எந்தப் பலகையை எதனோடு சேர்ப்பது என்று அவன் முன்னரே அறிந்திருக்கவும் வேண்டும். அவள் அந்த அறுபதையும் புதிதாக எழுதினாள். இம்முறை பொருளின்படி அன்று, உறவின்படி. காரணம், முரண், கால வரிசை, சேர்ப்பு, ஒப்புமை, விரிவு, எடுத்துக்காட்டு, பதிலீடு என எட்டுத் தலைப்புகளுக்குள் அறுபது சொற்களும் அடங்கிவிட்டன. ஒரு பக்கத்துக்கு மேல் ஆகவில்லை.

அதன்பின் ஒரு நாள் வாசலில் நின்றபடியே அவள் கேட்டாள்: "ஐயா, நேற்று வீட்டில், 'நீ பெண்பிள்ளை, ஆகையால் அவ்வளவு தூரம் போய்ப் படிக்க வேண்டாம்' என்றார்கள். அந்த 'ஆகையால்' சரியா?"

அதற்கு நான் உடனே விடை கூறவில்லை. "வீட்டாரிடமே கேள். இரண்டு வாக்கியங்களையும் எடுத்து வைத்து, இவற்றை இணைப்பது எது என்று பணிவாகக் கேள்" என்றேன். அவள் கேட்டாள். தூரம், செலவு, தனிமை, அச்சம் எனப் பல காரணங்கள் அப்போதுதான் வெளிவந்தன. அவை பேசித் தீர்க்கக்கூடிய காரணங்கள். 'பெண்பிள்ளை' என்பது அவற்றுள் ஒன்றாய் இருக்கவில்லை என்பதை அவள் தந்தையாரே கண்டுகொண்டார். அவள் விண்ணப்பப் பத்திரத்தை நிரப்புவதற்கு அவரே அருகில் இருந்து உதவினார்.

நேயர்களே, இனி யாரேனும் தங்களிடம் 'ஆகையால்' என்றோ 'ஆயினும்' என்றோ கூறும்போது, ஒரு கணம் நின்று, இரு பக்கமும் உள்ள செய்திகளைப் பாருங்கள். தாங்களே கூறும்போது இரண்டு கணம் நின்று பாருங்கள்.